பழைய பலகைத் தரையும் வீட்டுப் பூனையும்



சென்ற இதழில் அரிசியில் வண்டு விழாமல் காப்பது பற்றி எழுதியிருந்தேன். இந்த முறை தரையைப் பற்றி எழுதப் போகிறேன். "தரையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? கூட்டினோம், துடைத்தோம், முடிந்தது" என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு பூனையின் உயிர் இரண்டு நாள் ஊசலாடியதைப் பார்த்த பிறகுதான் துடைப்பதிலும் இத்தனை விஷயம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

என் பெரியம்மா மகள், எனக்கு அக்காள் முறை. ஜொகூரில் ஒரு தோட்டத்தில் 31 வருஷம் உழைத்தவர். அதில் 25 வருஷம் பால்மரம் வெட்டினார். முழங்கால் வலி வந்த பிறகு ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்தார். வேலை முடிந்ததும் லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சிங்கப்பூரில் இருக்கும் ஒரே மகனிடம் வந்து சேர்ந்தார். தோட்டத்து நிலைமை உங்களுக்குத் தெரியாததா? வேலை இருக்கிற வரைதான் வீடு. வேலை போனால் வீடும் போயிற்று.

மகன் குடியிருப்பது தேக்காவில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சின்னத் தெருவில், பழைய கடைவீட்டின் மாடியில். கீழே பூக்கடை, மேலே வீடு. மாடித் தரை முழுக்கப் பலகை. உளுத்துப்போன பலகைகளை எடுத்துவிட்டு, இடித்த வேறு வீடுகளிலிருந்து வாங்கி வந்த பழைய பலகைகளை வைத்துத் தரையைச் சீர்செய்திருந்தார்கள். அந்த வீட்டில் இவர்களோடு இரண்டு ஜீவன்கள். ஒன்று டைகர் என்கிற கிழட்டு நாய். தோட்டத்தில் நாய் என்றால் டைகர்தானே! இன்னொன்று சீனி என்கிற வெள்ளைப் பூனை.

பகல் முழுவதும் மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள். அக்காளுக்குத் துணை சீனிதான். அவர் வெங்காயம் உரித்தால் பக்கத்தில் உட்காரும். சாயங்காலம் அவர் மாடிச் சன்னலில் நின்றால் காலைச் சுற்றும்.

ஒரு நாள் காலையில் அக்காள் தொலைபேசியில் அழைத்தார். குரலே சரியில்லை. "தங்கச்சி, நான் ஒரு பாவம் பண்ணிட்டேன்டி. சீனி வாயெல்லாம் எச்சியா ஒழுகுது. நிக்க முடியாம தள்ளாடுது. நான்தான் காரணமாம்."

நடந்தது இதுதான். ஆயாக் கொட்டகையில் தினமும் இரண்டு வேளை பினாயில் போட்டுத் தரை துடைத்துப் பழகியவர் அவர். பிள்ளைகள் தவழும் இடம், சுத்தமாக இருக்க வேண்டும் என்பது அவர் கற்ற பாடம். இங்கேயும் அதையே செய்தார். நாய், பூனை வாடை வரக்கூடாது என்று ஒரு மூடிக்கு இரண்டு மூடியாக ஊற்றினார். பலகை இடுக்கில் எல்லாம் அது ஊறிவிட்டது. பூனை அந்த ஈரத்தில் நடந்தது, படுத்தது. பிறகு பூனைகளின் வழக்கப்படி காலையும் உடம்பையும் நக்கிச் சுத்தம் செய்துகொண்டது. அவ்வளவுதான்.

நான் மறுநாளே புறப்பட்டுப் போனேன். சீனி பிழைத்துவிட்டது. ஆனால் வீட்டில் வேறு பிரச்சினை கிளம்பியிருந்தது. "இந்தப் பலகையே வேண்டாம் சித்தி, மேலே பிளாஸ்டிக் விரிப்பை ஒட்டிவிடலாம்" என்கிறான் மகன். அக்காளோ ஒரு மூலையில் உட்கார்ந்து, "என் கையால இனிமே எதையும் தொட மாட்டேன். என்னைத் தோட்டத்துலயே கொண்டு போய் விட்டுடு" என்கிறார். போவதற்கு அங்கே வீடு ஏது? அது அவருக்கும் தெரியும், மகனுக்கும் தெரியும்.

அங்கே இருந்த ஒரு வாரத்தில் மிருக வைத்தியரிடமும், கடைவீடுகளைச் சீர்செய்யும் ஒரு வயதான சீனத் தச்சரிடமும் கேட்டறிந்ததை உங்களுக்குச் சொல்கிறேன். உங்கள் பிள்ளைகளும் பட்டணத்தில் இப்படி வீடு பிடித்திருக்கலாம். தோட்டத்துப் பழைய பலகை வீட்டில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

பினாயில் ஏன் பூனைக்கு ஆகாது?

பினாயில் போன்ற பல கிருமிநாசினிகளில் பீனால் வகைச் சரக்கு இருக்கிறது. நம் உடம்பிலும் நாயின் உடம்பிலும் சிறிதளவு சேர்ந்தால் ஈரல் அதை மாற்றி வெளியே தள்ளிவிடும். பூனையின் ஈரலுக்கு அந்தச் சக்தி மிகக் குறைவு. ஆகவே சிறிது சிறிதாகச் சேர்ந்தாலும் அது நஞ்சாகிவிடுகிறது. நாய்க்கும் அளவு மீறினால் ஆபத்துதான். தைலவாடை வரும் பைன் எண்ணெய்த் துடைப்பான்களும், தேயிலை மர எண்ணெய் என்று விற்கும் வாசனை எண்ணெயும் பூனைக்கு ஆகாதவையே.

கடையில் எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு சுலபமான அடையாளம் உண்டு. தண்ணீரில் ஊற்றியதும் பால் போல வெளுக்கும் கிருமிநாசினி என்றால் பெரும்பாலும் அதில் இந்தச் சரக்கு இருக்கும். பூனை உள்ள வீட்டில் அதை வாங்காதீர்கள்.

தவறிப்போய்ப் பூனையின் மேல் பட்டுவிட்டால் என்ன செய்வது? முதலில் அதை நக்கவிடாதீர்கள். மென்மையான பாத்திரம் கழுவும் திரவத்தைச் சிறிது விட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் காலையும் வயிற்றையும் கழுவித் துடைத்துவிடுங்கள். வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். தொண்டை மேலும் வெந்துபோகும். புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் ஓடுங்கள். புட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்தால் அவருக்குப் பாதி வேலை குறையும். அக்காள் மகன் புட்டியைப் படம் எடுத்துக்கொண்டு போனது சீனிக்கு நல்லதாகப் போயிற்று.

இந்தப் பலகை எங்கிருந்து வந்தது?

தேக்கா வட்டாரம் ஒரு காலத்தில் மாட்டு வியாபாரத்துக்குப் பேர் போனது. பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்று இன்றும் பெயர் நிலைத்திருக்கிறது. கெர்பாவ் என்றால் மலாயில் எருமை. அந்தக் காலத்துக் கடைவீடுகளுக்குக் கீழே கடையும் அஞ்சடியும், மேலே உத்திரத்தின் மீது பலகைத் தரையும் இருக்கும். சிங்கப்பூர் அரசாங்கம் 1989 ஜூலை 7 அன்று லிட்டில் இந்தியாவைப் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவித்தது. அதனால்தான் அந்தக் கடைவீட்டு வரிசைகளை இன்றும் பார்க்க முடிகிறது. மற்ற இடங்களில் கம்பங்களும் பழைய வீடுகளும் போய் அடுக்குமாடிகள் வந்தபோது ஏராளமான நல்ல மரம் கழிந்தது. அப்படிக் கழிந்த பலகைகளைத் தேடி எடுத்து, இழைத்து, மீண்டும் தரையாகப் போடுகிறார்கள்.

அந்தத் தச்சர் எங்களோடு மலாயில்தான் பேசினார். பலகையை விரலால் தட்டிப் பார்த்து, "இது செங்கால் மரம். இது மரமாக நின்ற வயது உங்கள் வயதைப் போல் மூன்று மடங்கு இருக்கும்" என்றார் அக்காளிடம். செங்கால் மலாயாக் காட்டு மரம். உலர்ந்த பிறகும் ஒரு கன மீட்டர் 900 கிலோவுக்கு மேல் எடை போடும். கரையானும் எளிதில் தொடாது. பாலாவ் என்பதும் கனமான மரம். மெராந்தி இலேசானது; நகம் பட்டால் கோடு விழும். உங்கள் வீட்டுப் பலகை எது என்று தெரிந்துகொள்வது நல்லது. கன மரத்துக்குக் கவலை குறைவு. இலேசான மரத்துக்குக் காவல் அதிகம் வேண்டும்.

நம் கித்தா மரத்தைப் பற்றியும் சொல்லாமல் விடக்கூடாது. 1877-இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. சிங்கப்பூர்ப் பூமலையில் வளர்ந்த மரங்களில்தான் ரிட்லி என்பவர் மரம் சாகாமல் பால் எடுக்கும் வெட்டு முறையைச் செம்மைப்படுத்தினார். அந்த வெட்டுத்தான் நம் பாட்டன் பாட்டிகளுக்கு விடியற்காலைப் பிழைப்பாயிற்று. 25, 30 வருஷம் பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை அந்தக் காலத்தில் வெட்டி அடுப்பிலும் புகைக் கொட்டகையிலும் எரித்தார்கள். 1980-களிலிருந்து அது மேசை, நாற்காலி, தரைப் பலகை என்று உலகமெல்லாம் போகிறது. ஆனால் அந்த மரத்தில் மாவுச்சத்து அதிகம். அறுத்த உடனே போரான் மருந்தில் ஊற வைக்காவிட்டால் உளுப் பூச்சி துளைத்துவிடும். எனவே பழைய கித்தாப் பலகையை எங்கிருந்தாவது சும்மா எடுத்து வந்து தரையில் போடாதீர்கள்.

போடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். பழைய பலகைக்கும் அதுதான்.

முதலாவது, ஆணி. பழைய பலகையில் முறிந்த ஆணி உள்ளே ஒளிந்திருக்கும். பலகை தேயத் தேய அது தலைகாட்டும். குழந்தையின் காலுக்கும் நாயின் பாதத்துக்கும் அது எமன். காந்தத்தைப் பலகை மேல் நகர்த்திப் பார்த்தால் அகப்பட்டுவிடும்.

இரண்டாவது, பழைய சாயம். அந்தக் காலத்துச் சாயங்களில் ஈயம் கலந்திருக்கும். அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூள் வீடெங்கும் படியும். தவழும் பிள்ளை கையை வாயில் வைக்கும், பூனை காலை நக்கும். இரண்டு வழியிலும் ஈயம் உடம்பில் சேரும். சாயம் பூசிய பழைய பலகை என்றால், தேய்க்கும் வேலையைத் தெரிந்தவரிடம் விடுங்கள். வேலை முடிந்து ஈரத்துணியால் துடைத்தெடுக்கும் வரை பிள்ளைகளும் பிராணிகளும் அங்கே இருக்கக்கூடாது.

மூன்றாவது, ரயில் சிலிப்பர்க் கட்டை. தஞ்சோங் பகார் ரயில் நிலையம் 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு மூடப்பட்டது நினைவிருக்கலாம். எந்தப் பாதையிலிருந்து வந்தாலும் சரி, பழைய சிலிப்பர்க் கட்டையைப் பார்த்தால் பலருக்கு ஆசை வரும். நல்ல கனமான மரம்தான். ஆனால் மழையிலும் மண்ணிலும் கிடக்க வேண்டும் என்பதற்காகக் கிரியோசோட் என்னும் தார் எண்ணெய் ஏற்றிய கட்டைகள் ஏராளம். கறுத்து, வெயிலில் பிசுபிசுத்து, தார் வாடை அடித்தால் அதுதான். எவ்வளவு இழைத்தாலும் அந்த நஞ்சு முழுவதும் போகாது. வீட்டுக்குள் அதற்கு இடமே கொடுக்காதீர்கள்.

நான்காவது, உளுவும் கரையானும். பலகையில் குண்டூசித் துளைகளும், கீழே மாவு போன்ற தூளும் இருந்தால் உளுப் பூச்சி உயிரோடு இருக்கிறது. சுவரோரம் மண் கோடு ஏறியிருந்தால் கரையான். மருந்தடிக்க உரிமம் பெற்றவரை அழையுங்கள். அவரிடம் "எங்கள் வீட்டில் பூனை இருக்கிறது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெர்மெத்ரின் என்னும் பூச்சிமருந்து நாய்க்குத் தாங்கும், பூனைக்குத் தாங்காது. மருந்து நன்றாகக் காயும் வரை பூனை வேறு வீட்டில் இருக்கட்டும். நாய்க்கு உண்ணி போகக் கழுத்தில் விடும் சொட்டு மருந்தையும் பூனைக்கு ஒருபோதும் போடாதீர்கள். அதிலும் இதே சரக்கு இருப்பதுண்டு.

தினசரிச் சுத்தம்

பலகைத் தரைக்கு முதல் எதிரி தண்ணீர், இரண்டாம் எதிரி மணல். சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. காற்றில் எப்போதும் ஈரம். அந்த ஈரத்தில் பலகை உப்பும். குளிர்சாதனம் போட்டால் சுருங்கி இடுக்கு விடும். இதோடு வாளித் தண்ணீரையும் ஊற்றினால் பலகை என்னாகும்?

ஆகவே, தினமும் மென்மையான துடைப்பத்தால் கூட்டுங்கள். நாயின் முடியும் மணலும் போனாலே பாதிச் சுத்தம். வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை துடைத்தால் போதும். நாலு லிட்டர் தண்ணீருக்கு மென்மையான பாத்திரம் கழுவும் திரவம் ஒரு தேக்கரண்டி. துணியை நன்றாகப் பிழியுங்கள். துடைத்த இடம் ஒன்றிரண்டு நிமிஷத்தில் தானாகக் காய்ந்துவிட வேண்டும். அதற்கு மேல் ஈரம் நின்றால் நீங்கள் சரியாகப் பிழியவில்லை என்று அர்த்தம். பிறகு வெறும் தண்ணீரில் பிழிந்த துணியால் ஒரு தடவை. பலகையின் ரேகை ஓடும் திசையிலேயே துடைக்க வேண்டும்.

மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் எறும்பு வராது என்று நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. தீப்பிடிக்கும், பிராணிகளுக்கும் நஞ்சு. அதை விட்டுவிடுங்கள். வினிகர் நல்லது என்று சிலர் சொல்வார்கள். புளிப்பு அடிக்கடி பட்டால் வார்னிஷின் பளபளப்பு மங்கிவிடும்.

சிறுநீர் கழித்துவிட்டால்

பிராணி வளர்க்கும் வீட்டில் இது வராமல் இராது. கடைவீட்டு மாடியில் இன்னொரு சங்கடமும் உண்டு. பலகை இடுக்கு வழியாக இறங்கி உத்திரத்தை நனைத்து, கீழ்க்கடையில் சொட்டும். ஒரு நாள் டைகர் செய்த காரியம் பூக்கடை மேசை மேல் சொட்டி, அக்காள் இறங்கிப் போய்க் கைகூப்பி மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாராம். பூக்கடைக்காரர் பெருந்தன்மையாகச் சிரித்துவிட்டதால் பிழைத்தார்கள்.

கண்டவுடன் பழைய பருத்தித் துணியைப் போட்டு அழுத்தி ஒற்றி எடுங்கள். தேய்க்காதீர்கள், தேய்த்தால் பரவும். பிறகு பிராணிகளின் சிறுநீருக்கென்றே விற்கும் நொதித் திரவத்தை, முதலில் ஒரு மூலையில் சோதித்துப் பார்த்துவிட்டு, அளவாக விட்டுப் புட்டியில் சொன்ன நேரம் வைத்து ஒற்றி எடுங்கள். பூனைச் சிறுநீரில் உள்ள யூரிக் அமிலம் சோப்புக்குப் போகாது. ஈரம் படும்போதெல்லாம் மறுபடி வாடை கிளம்பும். நொதிதான் அதை உடைக்கும்.

இரண்டு எச்சரிக்கை. அம்மோனியா கலந்த துடைப்பானைப் போடாதீர்கள். அதன் வாடை சிறுநீர் வாடையை ஒத்திருப்பதால், பூனை "இதுதான் என் இடம்" என்று மறுபடி அங்கேயே போகும். குளோரின் வெளுப்பானை ஊற்றவே ஊற்றாதீர்கள். சிறுநீரோடும் அம்மோனியாவோடும் அது சேர்ந்தால் மூச்சை அடைக்கும் நச்சுப்புகை உண்டாகும்.

பலகையில் கறுப்பு வட்டம் விழுந்துவிட்டதா? மரத்தின் துவர்ப்புச் சத்து ஆணி இரும்போடும் ஈரத்தோடும் சேர்ந்து உண்டாவது அது. தச்சர்கள் ஆக்சாலிக் அமிலம் போட்டு எடுப்பார்கள். அது நஞ்சு. தெரிந்தவர் செய்து நன்றாகக் கழுவித் துடைக்கும் வரை பிராணிகளை விலக்கி வையுங்கள்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். ஒழுங்காக மணல் பெட்டிக்குப் போன பூனை திடீரென்று தரையில் போனால் அதை அடிக்காதீர்கள். உடம்பு சரியில்லாமல் இருக்கலாம். குறிப்பாக ஆண் பூனை முக்கி முக்கிப் பார்த்தும் சிறுநீர் வராமல் தவித்தால் அது அடைப்பு. ஒரு நாள் தாமதித்தாலும் உயிர் போய்விடக்கூடும். அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டு போங்கள்.

தரைக்கு மேல் பூச்சு

உங்கள் தரையில் பூச்சு இருக்கிறதா, தேய்ந்துவிட்டதா? ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்துப்போல நின்றால் பூச்சு நன்றாக இருக்கிறது. சில நிமிஷத்தில் மரம் உறிஞ்சிக் கறுத்தால் பூச்சு போய்விட்டது.

பிராணி உள்ள வீட்டுக்குத் தண்ணீர் கலந்த பாலியூரிதேன் வார்னிஷ் வசதியானது. வாடை குறைவு, சீக்கிரம் காயும். மறுநாள் மெல்ல நடக்கலாம். முழுக்க இறுக ஒரு வாரம் ஆகும். எண்ணெய் கலந்த வார்னிஷ் முழுக்க இறுக ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும். அதுவரை பாய், விரிப்பு போடக்கூடாது. கெட்டியான மெழுகு எண்ணெய் என்று ஒன்றும் உண்டு. கீறல் விழுந்த இடத்தில் மட்டும் மறுபடி தடவிக்கொள்ளலாம் என்பது அதன் வசதி. ஆனால் சிறுநீரை உடனே துடைக்காவிட்டால் கறை பிடிக்கும். எதைப் பூசினாலும், முழுக்கக் காயும் வரை பூனையும் நாயும் அந்த அறைக்குள் வரக்கூடாது.

ஆளி விதை எண்ணெய் போன்றவற்றைத் தடவிய துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காய வையுங்கள், அல்லது தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதில் போடுங்கள். பலகை வீட்டுக்காரர்கள் இதை மறக்கவே கூடாது.

நகமும் விரிப்பும்

நாயின் நகம் தரையில் டக் டக்கென்று சத்தம் போட்டால் வெட்டும் காலம் வந்துவிட்டது என்று பொருள். அது ஓடித் திரும்பும் இடத்தில் ஒரு விரிப்புப் போடுங்கள். கிழட்டு நாய்க்கு வழுக்காமலும் இருக்கும். தண்ணீர்ச் சட்டிக்கு அடியில் ஒரு தட்டு வையுங்கள். பூனையின் மணல் பெட்டியை அகலமான தட்டில் வைத்து, வாசலில் ஒரு பாய் போடுங்கள். காலில் ஒட்டிவரும் மணல்தான் பலகையைக் கீறும்.

விரிப்பு வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ரப்பர் அடி போட்ட விரிப்பு வேண்டாம். ரப்பரில் சேர்க்கும் சரக்குகள் வார்னிஷில் இறங்கி மஞ்சள் கறை பிடிக்க வைக்கும். இதைச் சொன்னபோது அக்காளுக்கு அத்தனை வருத்தத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. "இத்தனை வருஷம் நான் வெட்டுன பாலு, கடைசியில என் வீட்டுத் தரைக்கே ஆகாதா?" என்றார். பருத்தி விரிப்பு, கோரைப் பாய் எதுவானாலும் அடிக்கடி தூக்கிக் காற்றாட விடுங்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் 1989-லிருந்து பூனை வளர்க்கத் தடை இருந்தது. 2024 செப்டம்பர் 1 முதல் ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். உரிமமும், பூனையின் தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லும் வேண்டும். பூனையைச் சன்னல் வழியாக விழாமல் காப்பதும் உங்கள் பொறுப்பு.

அக்காள் எடுத்த முடிவு

பிளாஸ்டிக் விரிப்பு ஒட்டும் யோசனையைத் தச்சரிடம் சொன்னோம். அவர் தலையை ஆட்டினார். "மேலே ஒட்டினால் ஈரம் அடியில் அடைபடும். பலகை உளுத்தது வெளியே தெரியாது. தெரியும்போது தரை இருக்காது" என்றார். பிறகு அக்காளைக் காட்டி, "வீட்டில் பகலெல்லாம் இருந்து தரையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. அப்புறம் ஏன் மூட வேண்டும்?" என்று கேட்டார்.

மகன் ஒன்றும் பேசவில்லை. அன்று மாலை வேலை முடிந்து வரும்போது புதுத் துணியும், ஒரு சின்ன வாளியும், மென்மையான சோப்புத் திரவமும் வாங்கி வந்தான். அம்மா முன்னால் வைத்து, "நீங்கதாம்மா செய்யணும். பிழிஞ்சு துடைக்கிற பதம் எனக்கு வராது" என்றான்.

அக்காள் உடனே எடுக்கவில்லை. சீனி மெல்ல நடந்து வந்து அந்த வாளியை மோந்து பார்த்தது. காலி வாளிக்குள் இறங்கிச் சுருண்டு படுத்துக்கொண்டது. "ஏய், எழுந்திரு! எனக்கு வேலை கிடக்கு" என்று அக்காள் அதட்டினார். அந்த அதட்டலைக் கேட்டு எனக்கு மனம் நிறைந்தது.

சகோதரிகளே, வயதானவர்கள் பிள்ளைகள் வீட்டுக்கு வரும்போது, தாங்கள் தோட்டத்தில் கற்றதையெல்லாம் கொண்டுதான் வருகிறார்கள். சில பழக்கம் புது வீட்டுக்குப் பொருந்தாது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் "நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா இருங்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எப்படிச் செய்வது என்று சொல்லிக் கொடுங்கள். அவர்கள் கை சும்மா இருந்து பழகிய கை அல்ல.

அடுத்த இதழில் சந்திப்போம். உங்கள் வீட்டில் பினாயில் புட்டி எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.